காளை கத்தவில்லை

எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் தொண்டுப்பட்டியில் ஒரு காளைக்கன்றுக்குக் காயடித்தார்கள். காங்கேயம் கன்று. உழவுக்குப் பழக்க வேண்டியிருந்தது. நான்கு பேர் கயிறு போட்டுச் சாய்த்துக் கால்களைக் கட்டினார்கள். ஒருவர் கழுத்தின்மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டார். கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் பையிலிருந்து பர்டிசோ இடுக்கியை எடுத்தார். நீளக் கைப்பிடி கொண்ட இத்தாலியக் கருவி அது. தோலைக் கிழிக்காமல், உள்ளே விதைக்குப் போகும் ரத்தநாளத்தையும் விந்துக்குழாயையும் மட்டும் நசுக்கும். ரத்தம் வராது, புண் ஆகாது, ஈ மொய்க்காது. இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஊசி எதுவும் போடவில்லை.

"அதுக்கு வலிக்காதுங்களா அப்புச்சி?" என்று கேட்டேன்.

"கத்துச்சா அது? கத்துலீல்ல. வலிச்சாக் கத்தாதா?" என்றார்.

உண்மைதான், அது கத்தவில்லை. அன்று சாயந்திரம் சோளத்தட்டைத் தொடவுமில்லை. தலையைத் தொங்கப்போட்டு, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு மூலையில் நின்றது. "கோவத்துல கடிக்குது" என்றார் அப்புச்சி.

மாடு பல்லைக் கடித்தால் பெரும்பாலும் எங்கோ வலிக்கிறது என்று பொருள். அதை எனக்குச் சொன்னவர் எங்கள் பக்கத்து ஊரில் வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். நான் அந்தக் கன்றின் கதையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய், அட்டை பிய்ந்த மயக்கவியல் பாடப்புத்தகம் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். "படிச்சுப் பாருங்க. நாங்க படிச்சதுல பாதி, மாட்டை எப்படி அசையாம வெக்கறதுங்கறதுதான்" என்றார். அங்கிருந்து தொடங்கி ஒன்றிலிருந்து ஒன்றாகப் படித்துச் சேர்த்ததுதான் இந்தக் கட்டுரை. அப்புச்சி என்னிடம் கேட்ட கேள்வியைத்தான் ஐரோப்பாவும் அமெரிக்காவும் நூறாண்டுகளுக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்திருக்கின்றன.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரத்து மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல்மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஈதரை முகரக் கொடுத்தார். கழுத்துக் கட்டியை அறுத்தபோது அந்த ஆள் அலறவில்லை. அடுத்த ஆண்டே எடின்பரோவில் சிம்ப்சன் குளோரோபார்மைக் கொண்டுவந்தார். மனித மருத்துவம் அதோடு வேறாகிவிட்டது. கால்நடை மருத்துவர்களும் சும்மா இருக்கவில்லை. 1847லேயே ஈதர் விலங்குகளுக்கும் கொடுக்கப்பட்டுவிட்டது. குதிரையின் வாயிலும் மூக்கிலும் கொள்ளுப்பைபோல ஒன்றைக் கட்டி, உள்ளே பஞ்சில் மருந்தை ஊற்றி முகரவைக்கும் முறை விரைவிலேயே வந்தது.

ஆனால் அது பரவவில்லை. காரணம் எளிது. மயக்கம் பிடிப்பதற்கு முன்னால் எந்த உயிரும் சற்று நேரம் வெறிபிடித்ததுபோலத் திமிறும். ஐந்நூறு கிலோ குதிரை திமிறினால் பக்கத்தில் நிற்பவன் பிழைக்க மாட்டான். ஆகவே முதலில் நாலு காலையும் பிணைத்துக் கீழே தள்ள வேண்டும். தள்ளிக் கட்டியபிறகு அறுப்பவருக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. இதற்கு மேல் குளோரோபார்ம் எதற்கு? செலவு, நேரம், குதிரை செத்துப்போகும் ஆபத்து வேறு.

கட்டிப்போடாமலே குதிரையை நிறுத்தும் வித்தையும் ஒன்று இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒரு தடியின் நுனியில் கயிற்று வளையம். அதைக் குதிரையின் மேலுதட்டில் மாட்டி முறுக்குவார்கள். துள்ளிக்கொண்டிருந்த குதிரை கண் சொருகி அசையாமல் நிற்கும். உதட்டு வலியில் மற்ற வலி மறந்துபோகிறது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். 1984ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். உதட்டை முறுக்கும்போது குதிரையின் ரத்தத்தில் எண்டார்ஃபின் கூடுகிறது, அதாவது உடல் தானே சுரக்கும் அபின் போன்ற ஒன்று. அபினின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் உதட்டு முறுக்கின் பலன் போய்விடுகிறது. அடடா, கொடுமை என்று நினைத்தது மருந்தாக அல்லவா இருந்திருக்கிறது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். பின்னால் வந்த ஆய்வொன்றில், முதல் ஐந்து நிமிடம் இறங்கிய இதயத் துடிப்பு அதற்குமேல் ஏறத் தொடங்கியது. குதிரை அப்போதும் அசையாமல்தான் நின்றுகொண்டிருந்தது.

பிரிட்டனில் இந்த மனப்போக்கை எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் ஃப்ரெடெரிக் ஹாப்டே. ஓடும்போது மூச்சில் கர்ஜிப்பதுபோல ஒலி எழுப்பும் குதிரைகளுக்குக் குரல்வளையில் செய்யும் அறுவையைப் பிரபலமாக்கியவர். அந்த அறுவைக்கே ஆங்கிலத்தில் அவர் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது. தன் பெயர் ஒரு மொழியில் வினைச்சொல்லாகும் பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்! விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் மயக்கம் கொடுப்பது பற்றி 1915ல் தனி நூல் எழுதினார். 1919ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விலங்கு மயக்கமருந்துச் சட்டத்தை நிறைவேற்றியது. பட்டியலிட்ட சில அறுவைகளை மயக்கமருந்தில்லாமல் செய்யக்கூடாது. மார்ட்டன் ஈதர் கொடுத்து எழுபத்து மூன்றாண்டுகள் கழித்து.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் இடத்தில்தான் இந்த வரலாறு திரும்புகிறது. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

1950களில் சக்சினைல்கோலின் என்ற மருந்து வந்தது. தசைகளைச் செயலிழக்க வைக்கும் ஊசி. ரத்தநாளத்தில் ஏற்றினால் ஒரு நிமிடத்துக்குள் குதிரை துணிபோலச் சரியும், சில நிமிடம் கழித்து எழுந்துவிடும். கயிறு வேண்டாம், நான்கு ஆள் வேண்டாம். அந்தச் சில நிமிடத்துக்குள் காயடித்து முடித்துவிடலாம். பல நாடுகளில் பல ஆண்டுகள் அப்படிச் செய்தார்கள். அந்த மருந்து மூளையைத் தொடுவதே இல்லை. உணர்வை மரக்கச் செய்வதும் இல்லை. குதிரை முழு விழிப்போடு இருக்கிறது, கத்தி இறங்குவது தெரிகிறது, மூச்சிழுக்கும் தசையும் தளர்ந்துபோவதால் மூச்சு முட்டுகிறது. கண்ணிமையைக்கூட ஆட்ட முடியாது.

தெரியாமல் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 1947லேயே அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்காட் ஸ்மித் என்ற மயக்கவியலாளர், அதே வகையைச் சேர்ந்த க்யூரேர் மருந்தைத் தன் உடம்பில் ஏற்றச் சொல்லிப் பார்த்திருக்கிறார். உடம்பு முழுக்கச் செயலிழந்தது. மற்றவர்கள் அவருக்கு மூச்சுக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். மருந்து தெளிந்ததும், சுற்றி நடந்த எல்லாவற்றையும் சொன்னார். நினைவு ஒரு நொடிகூடத் தப்பவில்லை, வலியும் குறையவில்லை. ஆராய்ச்சி இதழில் அச்சான செய்தி இது. ஸ்மித்துக்கு வாய் இருந்தது, சொன்னார்.

மாட்டின் கதை வேறு மாதிரி. அசைபோடும் உயிரைப் படுக்கவைப்பதே ஆபத்து. பசுவின் முதல் வயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு புளிப்புத் தொட்டி. அதில் ஓயாமல் வாயு உண்டாகிறது, மாடு ஏப்பமாக விட்டுக்கொண்டே இருக்கிறது. மயக்கத்தில் கிடத்தினால் ஏப்பம் வராது, வயிறு உப்பி நெஞ்சை அழுத்தும். உள்ளே இருக்கும் தீனி மேலேறி மூச்சுக்குழலில் இறங்கும். எச்சில் வேறு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் சுரக்கிறது, மயங்கினாலும் அது நிற்காது. மருந்துக் கணக்கும் மாறும். சைலசின் என்ற மருந்தை 1962ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் மனிதர்களின் ரத்த அழுத்தத்துக்காக உருவாக்கியது. அது மனிதருக்கு உதவவில்லை, விலங்குகளை அமைதிப்படுத்தும் மருந்தாக உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது. ஒரே எடையுள்ள குதிரைக்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்கு மாட்டுக்குப் போதும். "குதிரைக் கணக்கை மாட்டுக்குப் போட்டீங்கன்னா, அப்புறம் மாடு எந்திரிக்கறது சாமி விட்ட வழி" என்றார் டாக்டர்.

அதனால் மாட்டை நிற்கவைத்தே அறுக்கப் பழகினார்கள். 1943ல் ஸ்வீடனில் லிக்னோகெயின் கண்டுபிடிக்கப்பட்டது. பல் பிடுங்கும்போது நமக்குப் போடுவார்களே, அதேதான். அதை முதுகெலும்பை ஒட்டி வெளியே வரும் நரம்புகளில் போட்டால் விலாவுக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போகும். வால் எலும்பின் இடுக்கில் போட்டால் பின்பகுதி. சில ஆண்டுகளுக்கு முன் என் மாமன் மகன் வீட்டு ஜெர்சிக் கலப்பினப் பசு கன்று ஈன முடியாமல் தவித்தபோது நேரில் பார்த்தேன். ஊசி போட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருந்தார் இளம் பெண் மருத்துவர் ஒருவர். பிறகு இடது விலாவை ஒரு முழ நீளத்துக்குக் கீறி, தோள்வரை கையை விட்டுக் கன்றை இழுத்தார். பசு நின்றுகொண்டே இருந்தது. நடுவில் இரண்டு முறை அசைபோட்டது. ஒரு முறை திரும்பிக்கூடப் பார்த்தது. சினிமாவில் காட்டினால் நம்ப மாட்டோம்.

குதிரைக்கு அந்தப் பாக்கியம் வெகுநாள் இல்லை. 1950களின் பிற்பகுதியில் ஹாலோத்தேன் வாயு வந்தபின் குதிரையை நன்றாகவே தூங்கவைக்க முடிந்தது. எழுப்புவதில்தான் சிக்கல். குதிரை ஓடித் தப்பிக்கும் உயிர். பாதி மயக்கம் தெளிந்ததுமே, எழுந்து ஓடு என்று உடம்பு சொல்கிறது. கால் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. 1975 ஜூலை 6 அன்று நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க்கில் ரஃபியன் என்ற பெண்குதிரை ஓடியது. அதற்கு முன் ஓடிய பத்துப் பந்தயத்திலும் ஜெயித்த குதிரை. பாதியில் முன்னங்கால் முறிந்தது. அன்றிரவே அறுவை செய்து கட்டுப் போட்டார்கள். மயக்கம் தெளியத் தெளிய, படுத்தவாறே இன்னும் பந்தயத்தில் ஓடுவதுபோலக் கால்களை வீசியடித்துக் கட்டை உடைத்துக்கொண்டது. விடிவதற்குள் கொன்றுவிட வேண்டியதாயிற்று.

2002ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று 41,824 குதிரைகளைக் கணக்கெடுத்தது. வயிற்றுவலிக் குதிரைகளை விட்டுவிட்டுப் பார்த்தாலும், மயக்கம் கொடுத்த நூறில் கிட்டத்தட்ட ஒன்று ஏழு நாளுக்குள் இறந்தது. அந்த இறப்புகளில் கால்வாசி எலும்பு முறிவு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு நீச்சல்குளம் வைத்திருக்கிறார்கள். மயக்கத்தில் இருக்கும் குதிரையை நான்கு கால் ஓட்டையுள்ள ரப்பர்ப் படகில் தொங்கவிட்டு வெந்நீரில் இறக்குகிறார்கள். விழித்து உதைத்தாலும் தண்ணீரைத்தான் உதைக்கும். 2006ல் கால் முறிந்த பார்பரோ என்ற புகழ்பெற்ற பந்தயக்குதிரை அந்தக் குளத்தில்தான் விழித்தெழுந்தது. எட்டு மாதம் கழித்துக் குளம்பு நோய் அதைக் கொண்டுபோனது. இப்போதெல்லாம் முடிந்தவரை குதிரையையும் மாட்டைப்போலவே நிற்கவைத்து, மரக்கவைத்து அறுக்கிறார்கள்.

அறுத்து முடித்தபின் வரும் வலியை யாரும் அதிகம் பொருட்படுத்தவில்லை. வலி இருந்தால்தான் காலை ஊன்றாமல் அடங்கிக் கிடக்கும் என்று பாடமே நடத்தினார்கள். குதிரைக்கு வலிமருந்து கொடுத்த இடங்களிலும் பெரும்பாலும் ஓட்டத்துக்காகத்தான் கொடுத்தார்கள். 1968 கென்டக்கி டெர்பியில் முதலாவதாக வந்த குதிரையின் சிறுநீரில் ஃபினைல்பியூட்டசோன் என்ற வலிமருந்து இருந்ததால் வெற்றி பறிக்கப்பட்டது.

நம் நாட்டு மாடுகளுக்கு மலிவாக ஒரு வலிமருந்து பரவலாகக் கிடைத்தது 1990களில்: டைக்ளோஃபெனாக். முழங்கால் வலிக்கு நாம் விழுங்குவதுதான். நொண்டி, மடிவீக்கம், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் போட்டார்கள், மாடும் எழுந்து நடந்தது. ஊசி போட்டும் பிழைக்காத மாடுகளை ஊருக்கு வெளியே போட்டார்கள். அவற்றைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு, குடலெல்லாம் வெள்ளை உப்புப் படிந்து செத்தன. பத்துப் பதினைந்து ஆண்டுகளில், வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் போய்விட்டன. காரணம் டைக்ளோஃபெனாக்தான் என்று பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004ல் காட்டியது. 2006ல் இந்தியா மாட்டுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடைசெய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015ல் குப்பி 3 மில்லிக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஆணை வந்தது. கம்பெனிகள் வழக்குப் போட்டன, 2017ல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையை உறுதிசெய்தது. மாற்று மருந்தாக மெலாக்சிகாம் இருக்கிறது. பாறுக்கு அது ஒன்றும் செய்வதில்லை. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் பாறுகள் இன்றும் நீர்மத்தி மரங்களில் கூடு கட்டுகின்றன.

காயடிப்புக்கு வருவோம். 1960ன் மிருகவதைத் தடைச் சட்டம், முறைப்படி செய்தால் காயடிப்பதும் கொம்பு தீய்ப்பதும் மூக்கணாங்கயிறு குத்துவதும் வதையாகாது என்று விலக்களித்தது. அந்த முறை எது என்ற விதி 2023ல்தான் வந்தது. பதிவுபெற்ற மருத்துவர் இருக்க வேண்டும், மயக்கமருந்தோ மரப்பூசியோ கொடுக்க வேண்டும்.

செய்தித்தாளை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுக்கப் படித்தார்.

"லிக்னோகெயின் ஒண்ணும் பெரிய விலை இல்லீங்க. அப்பவும் பீரோவுல இருக்கும். போட்டுட்டுப் பத்து நிமிசம் நிக்கோணும். வெளிய இருவது கன்னு கட்டியிருக்கும். பத்து நிமிசந்தான் எங்ககிட்ட இல்ல" என்றார்.

"நீங்க எத்தனை கன்னுக்குப் பண்ணியிருப்பீங்க, ஊசி இல்லாம?"

செய்தித்தாளை நாலாக மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"கணக்கு வெச்சுக்கலீங்க."