கமலினி (கிரிக்கெட் வீராங்கனை)

ஜி. கமலினி (பிறப்பு: 20 ஜூலை 2008) மதுரையைச் சேர்ந்த இடக்கை மட்டையாளர், விக்கெட் கீப்பர். தமிழ்நாட்டு அணிக்கும் பெண்கள் பிரீமியர் லீக்கில் மும்பை இந்தியன்ஸுக்கும் ஆடுகிறார். 2025 டிசம்பரில் இந்திய அணிக்காகத் தம் முதல் இருபது ஓவர் ஆட்டத்தை ஆடினார்.

அவருக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து நல்ல மட்டையாளர்கள் வந்திருக்கிறார்கள். சென்னையின் திருஷ் காமினி 2013 ஜனவரி 31 அன்று மும்பை பிரபோர்ன் அரங்கில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 100 ரன் எடுத்து, உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியப் பெண் ஆனார். மறு ஆண்டு மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் 192 ரன் குவித்தார். இத்தனை செய்தவரை அவருடைய சொந்த மாநிலத்திலேயே பலருக்குத் தெரியாது. அவர் உச்சத்தில் இருந்தபோது பெண்களுக்கென ஏலமும் இல்லை, லீக்கும் இல்லை. பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பையும் பெண்கள் பிரீமியர் லீக்கும் 2023இல்தான் தொடங்கின. கமலினி வளர்ந்தது அந்தக் கதவுகள் திறந்த பிறகு.

ஆனாலும் அவர் மதுரையிலேயே இருந்து இந்த இடத்துக்கு வந்துவிடவில்லை. சென்னைக்கு வந்து சூப்பர் கிங்ஸ் அகாடமியில் பயிற்சி பெற்றார். தமிழ்நாட்டின் பெண்கள் கிரிக்கெட் இன்னும் தலைநகரைச் சுற்றியே இயங்குகிறது. எடுத்துக்காட்டாக, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தின் தோல், காலணித் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண் ஒருத்தி மட்டை பிடித்தால், மாநில அணிக்குப் போகும் வழி அவளுக்கும் சென்னை வழியாகத்தான். மதுரையைவிட ஆம்பூர் சென்னைக்கு வெகு பக்கம். ரயிலில் சில மணி நேரம்தான். இருந்தும் தினமும் மாலைப் பயிற்சிக்குப் போய்வரக்கூடிய தூரம் அல்ல. மாவட்டத்திலேயே நல்ல ஆடுதளமும் பெண்களுக்குப் பயிற்றுநரும் கிடைக்காதவரை, குடிபெயர முடிந்த குடும்பத்தின் பிள்ளைதான் மேலே வரும்.

2024 டிசம்பர் 15 கமலினியின் வாழ்க்கையைத் திருப்பிய நாள். கோலாலம்பூரில் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக 29 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 44 ரன் எடுத்தார். அதே நாளில் பெங்களூருவில் நடந்த பெண்கள் பிரீமியர் லீக் ஏலத்தில், அடிப்படை விலை 10 லட்சமாக இருந்த அவரை டெல்லி அணியோடு போட்டியிட்டு மும்பை இந்தியன்ஸ் 1.60 கோடிக்கு எடுத்தது. அப்போது அவருக்கு வயது 16. அடுத்த மாதம் மலேசியாவில் தொடங்கிய பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஏழு ஆட்டங்களில் 143 ரன் எடுத்தார். அரையிறுதியில் இங்கிலாந்து வைத்த 114 ரன் இலக்கைத் தொடக்க வீராங்கனையாக இறங்கி, கடைசிவரை நின்று, ஆட்டமிழக்காமல் 56 ரன் எடுத்து முடித்துவைத்தார். சிறிய இலக்கை அவசரப்படாமல் முடிப்பது இளம் கைகளுக்கு எளிதல்ல. அவருடைய ஆட்டங்களில் இதையே முதன்மையாகச் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரி 2 அன்று இந்தியா கோப்பையை வென்றது.

பிப்ரவரி 18 அன்று குஜராத்துக்கு எதிராக 16 வயது 213 நாட்களில் களமிறங்கி, பெண்கள் பிரீமியர் லீக்கில் அதுவரை ஆடியவர்களில் மிக இளையவர் ஆனார். மூன்று நாள் கழித்து பெங்களூருவில், கடைசி ஓவர்வரை இழுத்த ஆட்டத்தில் 8 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 11 ரன் எடுத்து வெற்றிவரை நின்றார். அந்தப் பருவத்தின் கோப்பையும் மும்பைக்கே போனது. 2026 பருவத்துக்கு அணி அவரை 50 லட்சத்துக்குத் தக்கவைத்தது. சர்வதேச ஆட்டம் ஆடாத இந்தியர்களுக்கு விதிப்படி இருந்த தொகை அது. அவருடைய ஆட்டத்துக்குப் போட்ட மதிப்பெண்ணாக அதைக் கொள்ளக் கூடாது.

2025 டிசம்பர் 30 அன்று திருவனந்தபுரத்தில் இலங்கைக்கு எதிரான ஐந்தாவது இருபது ஓவர் ஆட்டத்தில் ஷபாலி வர்மாவோடு தொடக்க வீராங்கனையாக இறங்கி 12 ரன் எடுத்தார். இந்தியா 15 ரன் வித்தியாசத்தில் வென்று தொடரை 5-0 என முடித்தது.