கண்டிக்காரர் சொல்லும் ரகர் கணக்கு

பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. ஓய்வு பெற்ற நாங்கள் நாலைந்து பேர் காலை ஆறரை மணிக்கு அங்கே கூடிவிடுவோம். பென்ஷன், முழங்கால் வலி, மக்காச்சோள விலை எல்லாம் பேசி முடித்த பிறகு விளையாட்டுக்கு வருவோம். தை மாதம் என்றால் கபடிதான். எந்த ஊர் டீம் இறங்குகிறது, பாடிப் போகிறவன் யார், போன வருஷம் கால் பிடி போட்டு ஆளைச் சாய்த்த பையன் இந்த வருஷம் வருகிறானா என்று ஒரு மணி நேரம் ஓடும். ஆட்டத்தை எத்தனை பேர் நேரில் போய்ப் பார்ப்போம் என்று கேட்காதீர்கள். எங்களுக்கு முதல் நாள் பேச்சே பாதி ஆட்டம்.

நான் அரியலூர்ப் பக்கத்துக்காரன். அரசு வேலை இழுத்துக்கொண்டு வந்ததில் பெரம்பலூரிலேயே வீடு கட்டி உட்கார்ந்துவிட்டவன். அதனால் எந்தப் போட்டி என்றாலும் கடையில் எனக்கு எதிர்க்கட்சி வேஷம். "உங்க ஊர்ல ரயில் நிக்குமா?" என்று நான் கேட்பேன். "எங்க ஊர்ல பஸ் நிக்கும், உங்க ஊர்ல சிமென்ட் தூசிதான் நிக்கும்" என்று பதில் வரும். இரண்டு ஊருக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஆனால் சர்க்காரே எங்களைச் சேர்ப்பதா பிரிப்பதா என்று பல வருஷம் யோசித்தது. 1995-இல் திருச்சி மாவட்டத்தை மூன்றாக்கியபோது பெரம்பலூர் தனி மாவட்டமானது, அரியலூர் அதற்குள் இருந்தது. 2001 ஜனவரியில் அரியலூர் தனியானது. 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பரில் திரும்பவும் பிரித்தார்கள். கோப்புக் கட்டுகளை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்ப இறக்கியவர்களில் நானும் ஒருவன். கபடியில் கொஞ்சம் சூடு ஏறத்தானே செய்யும்.

இந்தக் கூட்டத்தில் ஒருவரைக் 'கண்டிக்காரர்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எனக்கு ஒரு வயது மூத்தவர். அவருடைய தாத்தா காலத்தில் குடும்பமே இங்கிருந்து இலங்கைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனது. அந்தக் காலத்துத் திருச்சி ஜில்லாவிலிருந்து போனவர்கள் ஏராளம். நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இலங்கை மலைநாடு முழுவதுமே 'கண்டி'தான். இவர் உண்மையிலேயே கண்டிக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1974-இல், பதினெட்டு வயதில், அப்பா அம்மாவோடு இங்கே வந்து சேர்ந்தார்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு காலை, கபடிப் பேச்சு உச்சத்தில் இருந்தபோது, ஓரமாக உட்கார்ந்திருந்த அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "சார், உங்களுக்கு எதிர்த்துப் பேசத்தான வேணும்? அப்ப நீங்க ராயல். நான் டிரினிட்டி. சனிக்கிழமை ரகர் மேட்ச் இருக்கு, சொல்லுங்க, எத்தனை பாயின்ட்ல?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரகர் என்றால் ரக்பி. இலங்கையில் அப்படித்தான் சொல்கிறார்கள். அன்றிலிருந்து நான் ராயல் கட்சி. கட்சி சேர்ந்த பிறகுதான் வரலாற்றைப் படித்தேன். அரசியலிலும் அப்படித்தானே.

ராயல் என்பது கொழும்பு ராயல் கல்லூரி. 1835-இல் ஒரு பாதிரியார் தொடங்கிய சிறு பள்ளிதான் அதன் வேர். 1881-இல் ராயல் என்ற பெயர் வந்தது. டிரினிட்டி கண்டியில் இருக்கிறது. சர்ச் மிஷன் சங்கத்தார் 1872-இல் தொடங்கியது. கிரிக்கெட் ஆட்டக்காரர் சங்கக்காரா படித்த பள்ளி என்றால் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். கல்லூரி என்று பெயரே தவிர இரண்டும் பள்ளிக்கூடங்கள்தான். இலங்கைப் பள்ளிகளில் ரக்பியை முதலில் ஆட ஆரம்பித்தது கண்டியின் கிங்ஸ்வுட் கல்லூரி, 1891-இல். ராயலும் டிரினிட்டியும் முதன்முதலாக மோதியது 1920-இல்.

1945-இல்தான் கேடயம் வந்தது. அப்போது ராயலின் தலைமையாசிரியராக இருந்த ஆங்கிலேயர் பிராட்பி அதைக் கொடுத்தார். அவருடைய காலம் லேசான காலமில்லை. உலகப் போரில் பள்ளிக் கட்டடத்தை ராணுவம் எடுத்துக்கொள்ள, பிள்ளைகளைத் தனியார் பங்களாக்களில் உட்கார வைத்து வகுப்பு நடத்தினார்கள். அந்த நெருக்கடிக்குப் பிறகு போகிற போக்கில் அவர் விட்டுப்போன கேடயத்துக்காக இன்றும் இரண்டு ஊரும் மோதுகின்றன. ஒரு ஆட்டம் கொழும்பில், ஒரு ஆட்டம் கண்டியில். இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டி, எவருடையது அதிகமோ அவருக்குக் கேடயம்.

இந்தக் கூட்டல்தான் ரசிகர்களுக்குப் பெரிய தீனி. முதல் ஆட்டத்தில் தோற்றாலும் கதை முடியவில்லை. எட்டுப் புள்ளி வித்தியாசம் போதுமா, பன்னிரண்டு வேண்டுமா, கண்டியில் மழை பெய்து தரை சேறானால் கொழும்புப் பையன்களின் ஓட்டம் என்ன ஆகும் என்று, முதல் ஆட்டம் முடிந்த மாலையிலிருந்து அடுத்த ஆட்டம் வரை பேசிக்கொண்டே இருக்கலாம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பக்கத்துக்குப் பதினைந்து பேர். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடலாம், ஆனால் முன்னால் இருப்பவனுக்குக் கையால் எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். எதிரியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது 'டிரை'. தடுப்பவன் ஆளைக் கட்டிப்பிடித்துச் சாய்க்கலாம். "நம்ம கபடிப் பிடிதான் சார், கையில பந்து மட்டும் கூட" என்பார் கண்டிக்காரர்.

அவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? தோட்டத்துப் பிள்ளைக்கு டிரினிட்டியில் இடமேது. பதின்மூன்று வயதில் தோட்டப் பள்ளியை விட்டுவிட்டுக் கண்டி டவுனில், மார்க்கெட் பக்கம், ஒரு தேத்தண்ணிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். போகம்பரை மைதானம் அங்கிருந்து கூப்பிடு தூரம். மைதானத்துக்குப் பக்கத்திலேயே போகம்பரைச் சிறைச்சாலை, 2014 வரை இயங்கியது. ரயில் நிலையமும் அருகில்தான். மேட்ச் வாரத்தில் கடைக்கு டிரினிட்டியின் பழைய மாணவர்கள் வருவார்களாம், வக்கீல்கள், தோட்டத்து உத்தியோகஸ்தர்கள், கடை முதலாளிகள். கொழும்புக் கோச்சியில் ராயல்காரர்கள் வந்து இறங்குவார்கள். பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, சிங்களமும் தமிழும் இங்கிலீஷும் கலந்து, யார் யாரைப் பிடிப்பான் என்று சண்டை. சிறுவன் கையில் தேத்தண்ணி ஆறிப்போகிற அளவுக்குக் கேட்டுக்கொண்டு நின்று முதலாளியிடம் திட்டு வாங்கியிருக்கிறான்.

"மேட்ச் பாத்திருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"துண்டு துண்டாத்தான். தேத்தண்ணி கொண்டு போற சாக்குல அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். அதுக்குள்ள கிளாஸ திருப்பி வாங்கிட்டு ஓடியாரணும். ஆனா மேட்சுக்கு முந்தின பேச்சு முழுசா கேட்டிருக்கேன். அதுக்கு டிக்கெட் கெடையாதுல்ல."

ராயலில் தமிழர்களும் ஆடியிருக்கிறார்கள் என்று நான் ஒருநாள் என் கட்சிக்கு ஆள் சேர்த்தேன். சும்மா நவரத்தினம் என்று ஒருவர், ராயலில் படித்தவர், ரக்பியிலும் நூறு மீட்டர் ஓட்டத்திலும் இலங்கையில் பெரிய பெயர். பெயரே சும்மா, ஆள் சும்மா இருந்ததே இல்லை போலிருக்கிறது. "அவர் கொழும்புத் தமிழர் சார்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார் கண்டிக்காரர். அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்பது புரியக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

கேடயம் தொடங்கி மூன்றே வருஷத்தில், 1948-இல், சுதந்திர இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். அந்த மீதியையும் 1974-இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் மாவட்டத்தைப் பிரிக்கும்போதுகூட மேசை நாற்காலிக்கு இத்தனை சுலபமாகக் கணக்கு முடியவில்லை.

கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகத்தில் வரிசையில் நின்று காகிதம் வாங்கிக்கொண்டு, கோச்சியில் தலைமன்னார் போய், ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம் வழியாக ஊர் சேர வேண்டும். நிலையங்களில் உறவுகள் கட்டிக்கொண்டு கதறியதில் அந்த ரயிலுக்கே ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் விழுந்தது. அங்கே இருந்தவரை 'கள்ளத்தோணி' என்று வசவு வாங்கியவருக்கு, இங்கே வந்த மறுநாளே 'கண்டிக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டோம் நாம்.

அவருடைய குடும்பத்துக்குப் பயணத் தேதி வந்தபோது அந்த வருஷத்து முதல் ஆட்டம் முடிந்திருந்தது. இரண்டாவது ஆட்டம் பாக்கி. கடை முதலாளி ராயல் கட்சியாம், கண்டியில் கடை வைத்துக்கொண்டு! கேடயம் டிரினிட்டிக்குத்தான் என்று இவர் அவரிடம் இரண்டு ரூபாய் பந்தயம் கட்டியிருக்கிறார். அதற்குள் ரயில் ஏறிவிட்டார்கள்.

"அப்ப முடிவு?"

"தெரியாது சார். இங்க யாரைக் கேக்கிறது? மண்டபத்துல வந்து எறங்கினவங்ககிட்ட விசாரிச்சேன். தோட்டத்து ஜனம், அவங்களுக்கு ரகர் எங்க தெரியும்?"

ரக்பி உலகத்தில் இதைவிட விசித்திரமான பயணமும் உண்டு. 1870-களில் கல்கத்தா வெள்ளைக்காரர்கள் ஒரு ரக்பி கிளப் வைத்திருந்தார்கள். அது நொடித்துப்போனபோது வங்கியில் கிடந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். மூடியில் யானை, பிடிகளில் நாகப்பாம்பு. 1879-லிருந்து இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தா கோப்பைக்காக மோதிக்கொண்டிருக்கின்றன. நம் ரூபாய் அங்கே போய்ப் பத்திரமாக இருக்கிறது. கண்டிக்காரரின் இரண்டு ரூபாய்தான் அந்தரத்தில் நிற்கிறது.

என் பேரன் கைபேசியில் நேரலையாக மேட்ச் பார்க்கும் வழியைக் காட்டிக்கொடுத்தான். அந்தச் சனிக்கிழமை என் வீட்டுத் திண்ணையில் ஒரு ஸ்டூல்மேல் கைபேசியை நிறுத்தி வைத்து, நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை ஒரு ஆட்டத்தை அவர் பார்த்தது அன்றைக்குத்தான். அறுபது வயது தாண்டிவிட்டது அவருக்கு. இடைவேளையில் என் மனைவி டீ கொண்டுவந்தபோது எழுந்து நின்று கிளாஸை வாங்கிக்கொண்டார். வெகுநேரம் உட்காரவே இல்லை.

அன்று எங்களுக்குள் ஒரு தகராறும் வந்தது. டிரினிட்டி ஒரு டிரை போட்டதும் "நாலு!" என்று கையைத் தட்டினார். திரையில் ஐந்து என்று வந்தது. "தப்பாப் போட்டுட்டாங்க" என்றார். தப்பில்லை. டிரைக்கு ஒரு காலத்தில் மூன்று புள்ளி. 1971-இல் நான்காக்கினார்கள், 1992-இல் ஐந்து. இவர் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது மூன்று, கோச்சி ஏறும்போது நான்கு. அதற்குப் பிறகு நடந்தது அவருக்கு வந்து சேரவில்லை.

அந்தப் பழைய முடிவை இணையத்தில் தேடித் தரட்டுமா என்று கேட்டேன். அந்தக் காலத்துப் பத்திரிகையைத் தோண்டினால் கிடைக்காமலா போகும்.

"வேணாம் சார்" என்றார். "தோத்திருந்தா ரெண்டு ரூபா குடுக்கணும். முதலாளி எங்க இருக்காரோ, இருக்காரோ இல்லையோ. யாருகிட்ட கொண்டுபோய்க் குடுக்கிறது?"

போன வாரம் மறுபடி கடையில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. ராயலின் முன்வரிசை பலமானது, முதல் ஆட்டத்திலேயே பதினைந்து புள்ளி முன்னே போய்விடுவார்கள் என்று நான் அடித்துச் சொன்னேன். கண்டிக்காரர் தினத்தாள் காலண்டரிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில் பேனாவால் கணக்குப் போட்டுக் காட்டினார். கண்டியில் மழை வருமாம். டிரினிட்டி மூன்று டிரை, இரண்டு பெனால்டி, ஆக மொத்தம் பதினெட்டு.

மூன்று டிரைக்குப் பதினைந்து, பெனால்டி ஆறு, இருபத்தொன்று வர வேண்டும் என்றேன்.

"அது உங்க கணக்கு சார்" என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.