மவுஸ் ரிப்பேர்: ஒரு குட்டி வரலாறு

கம்ப்யூட்டரில் கோளாறு என்றால் வைரஸ், விண்டோஸ், ஹார்ட் டிஸ்க் என்று பெரிய ஆட்கள் மேல்தான் முதலில் சந்தேகம் வரும். ஓரமாக உட்கார்ந்திருக்கும் மவுஸை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அது மக்கர் பண்ணினால் பாதிப் பேருக்கு கம்ப்யூட்டரே நின்று போன மாதிரிதான். மவுஸின் வரலாற்றை அதன் கோளாறுகள் வழியாகப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். ஒவ்வொரு தலைமுறை மவுஸும் பழைய கோளாறு ஒன்றைத் தீர்த்தது. பிற்பாடு வந்தவை, கூடவே ரிப்பேர் வேலையையும் நம் கையிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விட்டன.

முதல் மவுஸ் 1964-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. யோசனை டக்ளஸ் எங்கல்பார்ட்டுடையது, செய்து கொடுத்தவர் பில் இங்கிலிஷ். மரப்பெட்டி, மேலே ஒரே ஒரு பட்டன், அடியில் இரண்டு சக்கரங்கள். ஒன்று இடது வலமாகப் போவதை அளக்கும், மற்றொன்று முன்னும் பின்னும் போவதை. ஒரு சக்கரம் உருளும்போது மற்றது மேசையில் தேய்ந்துகொண்டு இழுபடும். 1968 டிசம்பர் 9-ம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் இதை உலகுக்குக் காட்டினார். காப்புரிமை கிடைத்தது 1970-ல்.

சக்கரத்தின் இடத்துக்கு அடுத்து உருண்டை வந்தது. ஜெர்மனியின் டெலிஃபுங்கன் 1968-லேயே உருண்டை வைத்த ஒன்றைச் செய்திருந்தது. 1970-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகம் (ஆமாம், நம் ஊரில் நகல் எடுப்பதற்கே பெயர் கொடுத்த அதே ஜெராக்ஸ்தான்) இதை நன்றாக வளர்த்தது. ஆனால் அது விலை அதிகம், உள்ளே பாகங்களும் அதிகம். ஆப்பிளுக்காக டீன் ஹோவியின் குழு அதை எளிமையாக்கியது. 1983-ல் லிசாவோடும் 1984-ல் மெக்கின்டாஷோடும் வந்த மவுஸில் உருண்டையை யார் வேண்டுமானாலும் வெளியே எடுத்துத் துடைக்கலாம். அழுக்கு சேரும் என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு ஒரு வாசலும் வைத்துவிட்டார்கள். பிறகு வந்த உருண்டை மவுஸ்கள் பெரும்பாலானவற்றில் அடியில் திருகிக் கழற்றும் வளையம் இருந்தது.

அந்த வாசலின் அருமை நம் ஊர்ப் பக்கம்தான் அதிகம் தெரியும். குஜிலியம்பாறை மாதிரி வானம் பார்த்த பூமியில் ஆடிக் காற்று அடித்தால் புழுதி எங்கே போகும்? மேசைக்கு வரும், மேசையிலிருந்து உருண்டைக்கு, உருண்டையிலிருந்து உள்ளே இருக்கும் இரண்டு சின்ன உருளைகளுக்கு. அங்கே கறுப்பு வளையமாக ஒட்டிக்கொண்டதும் அம்புக்குறி தாவும், இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் நகராது. வைத்தியம் சுலபம். வளையத்தைத் திருகி உருண்டையை எடுத்து சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். உருளையில் ஒட்டியதை நகத்தாலோ தீக்குச்சியாலோ சுரண்டிவிட வேண்டும். பத்து நிமிடத்தில் மவுஸ் ரெடி. செலவு? ஒரு தீக்குச்சி!

1999-ல் மைக்ரோசாஃப்ட் இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரரை வெளியிட்டது. அடியில் சிவப்பு விளக்கு, பக்கத்தில் ஒரு குட்டி கேமரா. அது நொடிக்கு 1500 முறை மேசையைப் படம் பிடித்து, எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்குப் போடும். உருண்டை இல்லை, உருளையும் இல்லை, சுரண்டும் வேலையும் இல்லை. கண்ணாடி மேசையில் தடுமாறும், லென்ஸில் முடி சிக்கினால் அம்புக்குறி நடுங்கும், அவ்வளவுதான்.

ஆனால் வாசலும் மூடிக்கொண்டது. பல மவுஸ்களில் ஸ்க்ரூ, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்கோ வழுக்குப் பட்டைக்கோ பின்னால் ஒளிந்திருக்கும். இன்றைய மவுஸின் முக்கியமான நோய்கள் இரண்டு. ஒன்று, ஒயர் மவுஸுக்குள் நுழையும் இடத்தில் மடங்கி மடங்கி உள்ளே அறுந்து போவது. மற்றது, பட்டனுக்கு அடியில் இருக்கும் குட்டி சுவிட்ச் களைத்துப் போய், ஒரு கிளிக்கை இரண்டாகக் காட்டுவது. இரண்டுக்கும் சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த கை வேண்டும்.

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. சுவிட்சின் விலை சில ரூபாய்தான். ஆனால் அதை மாற்றும் கூலியும், திண்டுக்கல்லுக்கோ கரூருக்கோ போய்வரும் பஸ் காசும், பாதி நாளும் சேர்ந்தால் புது மவுஸே வாங்கிவிடலாம் என்று தோன்றும். வாங்குபவருக்கு அது சரியான கணக்குதான். தூக்கிப் போட்ட மவுஸ் எங்கே போகிறது என்பது மட்டும் அந்தக் கணக்கில் வராது. லாஜிடெக் என்ற ஒரே நிறுவனம் நூறு கோடியாவது மவுஸைத் தயாரித்துவிட்டதாக 2008-லேயே அறிவித்தது. அத்தனையும் ஒரு நாள் குப்பைக்கு வரும்.

மத்திய அரசு மின்கழிவு விதிகளை 2011-ல் கொண்டுவந்து, 2016-லும் 2022-லும் புதிதாக எழுதியது. பழுது பார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கியது. ஆனாலும் நூற்றுக்கணக்கில் விலை உள்ள பொருளுக்கு யார் மெனக்கெடுவார்கள்?

குறைந்தபட்சம், சாகாத மவுஸைப் புதைக்காமல் இருக்கலாம். முதலில் வேறு யுஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள். பிறகு வேறு கம்ப்யூட்டரில். அங்கே ஒழுங்காக ஓடினால் குற்றவாளி மவுஸ் இல்லை. ஒயர் இல்லாததாக இருந்தால் பேட்டரியை மாற்றுங்கள். லென்ஸை ஊதிவிட்டு, அடியில் ஒரு வெள்ளைத்தாள் வையுங்கள். நுழைவாயில் அருகே ஒயரை லேசாக அசைக்கும்போது உயிர் வந்து வந்து போனால் ஒயர்தான் போயிருக்கிறது. அந்த அறுந்த அங்குலத்தை வெட்டிவிட்டு மீதியைப் பற்றவைத்தால் போதும், ரேடியோ ரிப்பேர் செய்கிறவருக்கு அது கால் மணி நேர வேலை. கிளிக் மட்டும் இரட்டிப்பாக விழுந்தால் சுவிட்ச். இவ்வளவையும் பார்த்த பிறகு குப்பைத் தொட்டியைத் தேடலாம்.