பாடு காத்த ஏரியும் பாழான கால்வாயும்

நம் ஆரம்பாக்கத்திற்குக் கிழக்கே விரிந்துள்ள பழவேற்காடு ஏரி, நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஆரணியாறும் காலங்கியாறும் கொணரும் நன்னீர், முகத்துவாரம் வழியே புகும் கடல்நீருடன் கலப்பதாலேயே இங்கு இறாலும் மீனும் செழிக்கின்றன.

எவர், எந்நாளில், எவ்விடத்தில் வலை கட்டுவது என்பதை ஊர்கூடி முறைவைத்துத் தீர்மானிப்பதே மீனவர்களின் 'பாடு' முறை. அவ்வுரிமை எல்லாச் சமூகத்தாருக்கும் கிட்டவில்லை என்பதும் வரலாறே. ஆயினும் பங்குள்ள ஊர்கள் பொறுப்பையும் ஏற்றன. மணலால் முகத்துவாரம் தூர்ந்தபோது தாமே பணம் திரட்டித் திறந்தன.

இவ்வேரியோடு இணைந்த பக்கிங்காம் கால்வாயின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூர்வரை வெட்டப்பட்டுப் பின்னர் வடக்கே நீண்டது. 1876–78 பஞ்ச காலத்தில், நிவாரணப் பணியாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தது. 1878இல் ஆளுநர் பக்கிங்காமின் பெயரைப் பெற்றது. படகுகள் ஓய்ந்தபின் அதைத் தமதெனக் கருதுவோர் இல்லை. சென்னைக்குள் கழிவுநீர் ஓடையாயிற்று. பறக்கும் ரயிலின் தூண்களும் அதனுள்ளேயே ஊன்றப்பட்டன.

ஏரியில் பங்கு கேட்கும் நாம், அதைத் தூர்வாரும் பணியிலும் பங்கேற்கக் கடமைப்பட்டுள்ளோம். ஏரிக்குச் செல்லும் ஓடைகளில் நம் தெருக் குப்பை சேராது காப்பதே அதன் முதற்படி.