உடன்படிக்கை அன்பு: கடலூர்க் கிறித்தவ மரபில்

மனிதருக்குக் கொடுத்த வாக்கைக் கடவுள் கைவிடமாட்டார் என்ற கிறித்தவ நம்பிக்கையே உடன்படிக்கை அன்பு. மனிதர் தவறினாலும் அவர் தவறமாட்டார் என்பது இதன் உயிர்நாடி. கடலூர் வட்டாரத்துச் சீர்திருத்தச் சபைகளில் இது ‘கிருபை’ என்றும், கத்தோலிக்க மறையுரைகளில் ‘பேரன்பு’ என்றும் வழங்குகிறது.

இதன் வேர் ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் உள்ளது. கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் ஆபிராம் துண்டித்து எதிரெதிரே வைக்கிறார். உடன்படிக்கை செய்வோர் அத்துண்டுகளின் நடுவே நடந்து போவது அக்கால வழக்கம். வாக்குத் தவறினால் தனக்கும் இதே கதி என்று ஒப்புக்கொள்வதாக அதற்குப் பொருள். ஆபிராமோ அயர்ந்து தூங்கிவிடுகிறார். புகையும் சூளையும் எரியும் தீப்பந்தமுமே நடுவே கடந்து போகின்றன. பொறுப்பு முழுவதையும் கடவுளே ஏற்றுக்கொண்டார் என்று விளக்கவுரையாளர் பலர் இதைப் படிக்கின்றனர். பின்னாளில் தீர்க்கதரிசி எரேமியா முன்னறிவித்த புதிய உடன்படிக்கை இயேசுவின் இரத்தத்தில் நிறைவேறியது என்பது கிறித்தவர் கொள்கை. நற்கருணைப் பாத்திரம் அதன் அடையாளம்.

கடலூரில் சீர்திருத்த மிஷன் பணி 1737இல் தொடங்கியது. 1740 முதல் இங்கே ஊழியம் செய்த மிஷனரி கீர்நாண்டர், 1758இல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்ததும் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். ஆயினும் பணி அற்றுப்போகவில்லை. 1767இல் கெரிக்கே என்ற மிஷனரி கடலூருக்கு வந்தார்.

போரைவிடக் கடுமையான சோதனை சபைக்குள்ளேயே இருந்தது. அக்காலத் தமிழ் லுத்தரன் சபைகள் பலவற்றில் சாதிக்கொரு தனி இருக்கையும், நற்கருணையில் முதலில் யார், பின்னர் யார் என்ற வரிசையும் இருந்தன. எல்லாருக்குமான உடன்படிக்கையின் பாத்திரத்திலேயே ஏற்றத்தாழ்வு பார்ப்பது அந்தப் பாத்திரத்தையே மறுப்பதாகும். ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் இவ்வழக்கத்தைப் பொறுத்துக்கொண்டதை ஏற்காத அதன் மிஷனரி கார்ல் ஓக்ஸ், அதிலிருந்து விலகி, நெல்லிக்குப்பத்தை அடுத்த மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே பணி தொடங்கினார். 1860களில் டேனிஷ் மிஷனரி சங்கம் அவரோடு இணைந்தது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்தப் பணியில் முளைத்ததே. சாதி சபையை விட்டு முற்றிலும் நீங்கிவிட்டது என்று இதனால் சொல்லிவிட முடியாது.

கத்தோலிக்க மரபில், விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவரைச் சொல்ல வேண்டும். சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட அவரது தேம்பாவணி 3,615 பாடல்கள் கொண்டது. மோசே, யோசுவா முதலானோர் கதைகளும் அதில் இடம்பெறுவதால், பழைய உடன்படிக்கையின் வரலாறு தமிழ்க் காப்பியத்துக்குள் வந்து சேர்ந்தது.

உடன்படிக்கை நம்பிக்கை துயரத்தை மறைப்பதில்லை. சங்கீதம் 89 கடவுளின் உண்மையைப் பாடித் தொடங்கி, தாவீதுக்குச் சத்தியம் செய்த கிருபை எங்கே போயிற்று என்று அவரிடமே முறையிடுகிறது. வாக்குக் கொடுத்தவரிடம்தானே கேட்க முடியும்! கடலூரும் அப்படி முறையிட வைக்கும் துயரங்களைக் கண்டது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடலூர் மாவட்டத்தில் ஆழிப்பேரலை 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இக்கரையைத் தாக்கியது.

இத்தகைய துயரங்களுக்கு நடுவிலும் கடவுளின் வாக்கைப் பற்றிக்கொள்ளும் ஒரு வழக்கம் உண்டு. தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை பரவலாக நடக்கிறது. கடந்த ஆண்டுக்கு ஸ்தோத்திரம் செலுத்தியபின், சபையார் புத்தாண்டுக்கான வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட அட்டையைப் பெற்றுச் செல்கின்றனர். வீடுகளில் அது ஆண்டு முழுதும் சுவரில் இருக்கும்.