மோரிஸ் வந்த வழி

நாகர்கோவில் வடசேரிச் சந்தைப் பக்கம் ஒரு பழக்கடை. கயிற்றில் குலைகள் வரிசையாகத் தொங்கும். முன்னால் செந்துளுவன், அடுத்து மட்டி, ரசகதலி, பாளையங்கோட்டான், ஏத்தன். ஒரு ஓரமாக, பிளாஸ்டிக் பெட்டிக்குள், எல்லாம் ஒரே நீளத்தில் ஒரே மஞ்சளில் அடுக்கிய பழம். அதை எடுக்கக் கை நீட்டினேன். "அது பெட்டிப் பழம்லா அண்ணாச்சி, குலைப் பழம் எடுங்க" என்றார் கடைக்காரர்.

எங்கள் பக்கம் அதற்கு ரோபஸ்டா என்று பெயர். திருச்சி, மதுரைப் பக்கம் போனால் அதே கூட்டத்தைச் சேர்ந்த பழத்தை மோரிஸ் என்பார்கள். பச்சைப்பழம் என்றும் சொல்வதுண்டு. பிரெஞ்சுக்காரர் நாவில் மொரீசியஸ் தீவின் பெயர் மோரிஸ். கூலிக் கப்பலேறிப் போன நம் சனங்களும் அந்தத் தீவை அப்படித்தான் சொன்னார்கள். அசாமில் இதே வாழையை ஜஹாஜி என்கிறார்கள், அதாவது கப்பலில் வந்தது. தாவரவியல் நூல்கள் கேவண்டிஷ் என்கின்றன. அது இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் குடும்பப் பெயர். ஒரு வாழைக்கு இத்தனை பெயர் என்றால் அது அத்தனை துறைமுகம் பார்த்திருக்கிறது என்று பொருள்.

பிறந்த இடம் தென் சீனம். 1820களில் மொரீசியஸில் இருந்த சார்ல்ஸ் டெல்ஃபேர் என்ற தாவர ஆர்வலர் அதை அங்கிருந்து வரவழைத்து வளர்த்தார். 1829இல் அவர் இங்கிலாந்திலிருந்த ராபர்ட் பார்க்ளே என்பவருக்குக் கன்று அனுப்பினார். பார்க்ளே இறந்தபின் அது ஒரு நாற்றுப் பண்ணைக்கு விலைபோனது. அங்கிருந்து டெர்பிஷயர் மாவட்டத்துச் சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு வந்தது. மாளிகை ஆறாம் டெவன்ஷயர் பிரபு வில்லியம் கேவண்டிஷுக்குச் சொந்தம். தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன். ஏழை விவசாயி வீட்டில் பிறந்து, இருபதுகளின் தொடக்கத்திலேயே அந்தப் பொறுப்புக்கு வந்தவர். பிற்காலத்தில் லண்டனில் 1851 கண்காட்சிக்குக் கண்ணாடி அரண்மனை கட்டியவரும் இவர்தான்.

வாழைக்குக் குளிர் ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் ஆகாது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாழை பருவம் பார்த்துப் பூப்பதில்லை. கிழங்கிலிருந்து முப்பது, நாற்பது இலை விட்டு முடித்த பிறகுதான் தண்டின் நடுவழியே கூம்பு மேலேறி வரும். நம் ஊரில் வாரம், பத்து நாளுக்கு ஒரு இலை விரியும். ஓராண்டுக்குள் கணக்கு முடிந்துவிடும். வெப்பம் 14 பாகைக்குக் கீழே இறங்கினால் இலை விரிவது ஏறக்குறைய நின்றேபோகும். குருத்து தண்டுக்குள் அப்படியே காத்துக் கிடக்கும். உறைபனி பட்டால் இலை கருகிவிடும். நாகர்கோவிலில் மார்கழி விடியற்காலையிலும் 20 பாகைக்குக் கீழே போவது அபூர்வம். டெர்பிஷயரில் பாதி வருசம் 14 பாகைக்கும் கீழேதான்.

பாக்ஸ்டன் என்ன செய்தார்? கண்ணாடி வீட்டுக்குள் குழி எடுத்தார். நல்ல வண்டல் மண்ணோடு மக்கிய சாணத்தைக் கலந்து நிரப்பினார். தண்ணீர் தாராளமாக ஊற்றினார். வெப்பத்தை 18லிருந்து 30 பாகைக்குள் காத்தார். மண்ணும் சாணமும் தண்ணீரும் நம் வீட்டுக் கிணற்றடியில் சும்மா கிடப்பவை. அவர் விலைகொடுத்து வாங்கியது வெயிலை மட்டும். அதையும் நிலக்கரியாக வாங்கினார். 1835 நவம்பரில் வாழை குலை தள்ளியது. அடுத்த மே மாதம் நூற்றுக்கும் மேற்பட்ட காய்கள். லண்டன் தோட்டக்கலைச் சங்கத்தின் பதக்கமும் கிடைத்தது. தன் எசமானின் பெயரையே பாக்ஸ்டன் வாழைக்குச் சூட்டினார்.

அது குட்டை வாழை என்பதை மறக்கக் கூடாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான். கண்ணாடிக் கூரைக்குள் அடங்கியதால் அது பிழைத்தது. எங்கள் செந்துளுவன் அந்தக் குழியில் நின்றிருந்தால் கூரையை முட்டியிருக்கும்.

என் சித்தப்பா மகன் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறான். நான்கு வருசத்துக்கு முன் ஒரு குட்டைக் கேவண்டிஷ் கன்றை வாங்கித் தொட்டியில் வைத்தான். மே முதல் செப்டம்பர் வரை வீட்டுக்கு வெளியே தென்பக்கச் சுவரோரம். அக்டோபர் வந்ததும் இரண்டு பேர் தூக்கி உள்ளே கண்ணாடிச் சன்னலோரம் வைப்பார்கள். குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைத்துவிடுவான். குளிர்ந்த மண்ணில் ஈரம் நின்றால் கிழங்கு அழுகிவிடும். ஹீட்டர் காற்றில் இலையோரம் காய்ந்து மொறுமொறுவென்று ஆகும். மகள் தினமும் ஈரத்துணியால் இலையைத் துடைப்பாளாம். வீடியோவில் அந்த இலைகளைக் காட்டினான்: வெயிலில் விரிந்தவை பெரிதாக, தடித்து, கரும்பச்சையில், தையில் விரிந்த ஒன்று உள்ளங்கை அகலத்தில், வெளிறி. "அண்ணே, நவம்பருக்குப் பொறவு ரெண்டே இலதான் வந்திருக்கு" என்றான். இதுவரை குலை தள்ளவில்லை. பொங்கலன்று அதில் ஒரு இலையை அறுத்து, சாமிக்குப் படைத்து, நான்கு பேரும் அதிலேயே பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். அவன் அதைச் சொன்னபோது குரல் தழுதழுத்தது. அந்தத் தொட்டி வாழை குலை தள்ள வேண்டும் என்று நானும் மனதார வேண்டிக்கொள்கிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து வாழை மறுபடியும் கப்பலேறியது. ஜான் வில்லியம்ஸ் என்ற மிஷனரி 1838இல் பசிபிக் தீவுகளுக்குப் புறப்பட்டபோது பிரபு கன்றுகள் கொடுத்தனுப்பினார். கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனதில் சமோவாவில் உயிரோடு இறங்கியது ஒன்றே ஒன்று. அதன் பக்கக்கன்றுகள் டோங்கா, பிஜி என்று தீவு தீவாகப் பரவின. வில்லியம்ஸ் 1839இல் எரோமங்கா தீவில் கொல்லப்பட்டார். வாழை நிலைத்துவிட்டது.

ஆனாலும் உலகச் சந்தையை அப்போது ஆண்டது க்ரோ மிஷேல் என்ற வேறு வாழை. மண்ணில் பரவும் பியூசேரியம் பூசணம் கொண்டுவந்த வாடல் நோய், 1950, 60களில் அந்தத் தோட்டங்களை அழித்தது. அந்த நோயைத் தாங்கியதால் கேவண்டிஷ் அந்த இடத்துக்கு வந்தது. தேனி மாவட்டத்தில் திசு வளர்ப்புக் கன்றாக நட்டு ஏற்றுமதி செய்யும் ஜி9 இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். விதையில்லாத பயிர் என்பதால் கன்றுக்குக் கன்று ஒரே உடம்பு. ஒன்றைச் சாய்க்கும் நோய் எல்லாவற்றையும் சாய்க்கும். இப்போது அதே பூசணத்தின் டிஆர்4 என்ற புதிய வகை கேவண்டிஷையே பிடித்திருக்கிறது. பிகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கண்டறியப்பட்டுள்ளது. பழைய வகைப் பூசணம் நம் ரசகதலியை எப்படி வாட்டியது என்று இங்குள்ள விவசாயிகளைக் கேட்டால் தெரியும். திருச்சியில் 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நூற்றுக்கணக்கான வாழை வகைகளைச் சேர்த்துக் காப்பது இதற்காகவும்தான்.

கடைக்காரர் எடுக்கச் சொன்ன குலைப் பழம் மட்டி. விரல் அளவு, நுனி கூர்ந்து, தோல் மெலிந்து, மணம் மட்டும் அறை நிறைய. கல்குளம், விளவங்கோடு மண்ணில் வரும் மணம் வேறெங்கும் அதற்கு வருவதில்லை. எங்கள் வீடுகளில் குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழம் இதுதான். கன்னியாகுமரி மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கேவண்டிஷைப் போல இதைப் பெட்டியில் அடுக்கிக் கடல் தாண்டி அனுப்ப முடியாது. காற்றுக்கும் தாங்காது. 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்த மறுநாள், குலையோடு சாய்ந்து கிடந்த வாழைத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதன்பிறகு மட்டியை விட்டவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.

ஆனால் வீட்டில் இடமிருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். லெஸ்டரில் ஒரு குடும்பம் நான்கு வருசமாக ஒரு வாழையைத் தூக்கி உள்ளே வைப்பதும் வெளியே வைப்பதுமாக இருக்கிறது. நமக்கு அந்தப் பாடு ஒன்றுமில்லை. குளிக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில், சுவரின் காற்றுமறைவில், ஒரு குழி போதும். நோயில்லாத தோட்டத்திலிருந்து, இலை ஈட்டிபோல ஒடுங்கிய கன்றாகப் பார்த்து வாங்குங்கள். அகன்ற இலையுள்ள நீர்க்கன்று வேண்டாம். சாணமும் சாம்பலும் போடுங்கள், குலை தள்ளியதும் ஒரு கம்பு முட்டுக் கொடுங்கள். இந்த மழைக்கு ஒரு மூடு மட்டி நடுங்கள்.