பிரம்பும் கல்லும்

"கண்ணிரண்டை மட்டும் விட்டுவிடுங்கள், ஐயா! தோலை உரித்தாலும் ஏனென்று கேட்கமாட்டோம்!"

பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வரும் தந்தை, பணிவோடும் பாசத்தோடும் நம்மிடம் கூறும் சொற்கள் இவை. கூறுபவர் கொடியவரல்லர். தாம் பசித்திருந்து பிள்ளைக்கு ஊட்டியவர். காய்ச்சல் கண்டால் இரவெல்லாம் கண் விழித்தவர். அத்தகைய நல்லவர் நாவிலே இச்சொல் பிறப்பானேன்? அடித்தால்தான் பிள்ளை உருப்படும் என்ற நம்பிக்கை, தலைமுறை தலைமுறையாக நெஞ்சிலே வேரோடிவிட்டது. அடியாத மாடு படியாது என்ற பழமொழி வேறு அதற்குக் காவல் நிற்கிறது!

பழையது என்பதற்காகவே ஒன்றைப் பணிந்தேற்கும் பழக்கம் நமக்கில்லை. ஆகவே, பிரம்புக்கு இந்த உரிமையை வழங்கியது யார் என்று வரலாற்றைக் கேட்போம்.

உரோமாபுரியிலே, குடும்பத் தலைவனான தந்தைக்கு, மக்களின் உயிரைப் பறிக்கவும் சட்டம் உரிமை தந்திருந்தது. பச்சிளங் குழந்தையைக் கொல்வது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று அங்கே அறிவிக்கப்பட்டது கி.பி. 374ஆம் ஆண்டில்தான். ஆயினும், அதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முன்பே, அதே உரோமாபுரியில் குவின்டிலியன் எனும் ஆசிரியர், சிறுவரை அடிப்பது அடிமைகளை நடத்தும் முறை, அது இழிவு என்று எழுதினார். அடிபட்டுப் பழகிய பிள்ளைக்கு அடியும் மரத்துப்போகும் என்றார். கேட்டார்களா? இல்லை.

பிறகு மதம் வந்தது, பிரம்புக்குப் புனிதப் பூச்சு பூச! மனிதன் பிறக்கும்போதே பாவத்தோடு பிறக்கிறான், பிள்ளையின் மன உறுதியை முறித்தால்தான் ஆன்மா ஈடேறும் என்று போதித்தனர். அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் குடியேற்றத்தார் 1646ஆம் ஆண்டில், பெற்றோர் சொல் கேளாத, பதினாறு வயது கடந்த மகனுக்கு மரண தண்டனை விதிக்கலாம் என்று, வேத வாசகத்தை ஆதாரமாக வைத்துச் சட்டம் இயற்றினர். சுசன்னா வெஸ்லி என்ற ஆங்கில மாது, 1732ஆம் ஆண்டு தம் மகனுக்கு எழுதிய மடலில், தம் குழந்தைகள் ஒரு வயது நிரம்பியதுமே, சிலர் அதற்கு முன்பே, பிரம்புக்கு அஞ்சவும், அழுதால் மெல்ல அழவும் கற்றுக்கொண்டதைப் பெருமையோடு குறித்தார். அழுவதற்கும் அளவு! அந்த அம்மையார் அன்பற்றவரல்லர். அன்பையே நம்பிக்கை அவ்வாறு திரித்துவிட்டது.

அந்த இங்கிலாந்திலேதான் அறிவும் குரலெழுப்பியது. ஜான் லாக் என்ற தத்துவ அறிஞர் 1693ஆம் ஆண்டு வெளியிட்ட கல்வி பற்றிய நூலில், அடிமைத்தனமான ஒழுங்குமுறை அடிமை மனத்தையே உண்டாக்கும் என்று எடுத்துரைத்தார். பிடிவாதத்துக்கு மட்டும் பிரம்பு கூடும் என்று அவரும் சிறு கதவொன்றைத் திறந்தே வைத்தார். அக்கதவின் வழியே என்ன நுழைந்தது தெரியுமா?

1860ஆம் ஆண்டு. ஈஸ்ட்போர்ன் எனும் ஊர். தாமஸ் ஹாப்லி என்ற ஆசிரியர், பதினைந்து வயது மாணவன் ஒருவன் பிடிவாதக்காரன் என்று கருதி, அவனைக் கடுமையாக அடிக்க அனுமதி வேண்டித் தந்தைக்கு எழுதினார். தந்தை அனுமதி தந்தார். சிறுவன் பிணமானான். ஹாப்லிக்கு நான்காண்டுத் தண்டனை கிடைத்தது. ஆனால், அதே வழக்கில் தலைமை நீதிபதி காக்பர்ன், மிதமான, நியாயமான அடி கொடுக்கப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரிமையுண்டு என்று உரைத்தார். "தோலை உரித்தாலும் கேட்கமாட்டோம்" என்று சொல்லக் கேட்கும்போதெல்லாம், அனுமதி தந்த அந்தத் தந்தைதான் நம் நினைவுக்கு வருகிறார்.

மற்றொரு விந்தை! இங்கிலாந்தில் மாட்டையும் குதிரையையும் வதைப்பதைத் தடுக்கும் சட்டம் 1822ஆம் ஆண்டில் வந்தது. குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கும் சட்டம் வந்தது 1889ஆம் ஆண்டில்! மாட்டுக்குக் கிடைத்த நீதி, மகவுக்குக் கிடைக்க 67 ஆண்டுகள்! அச்சட்டமும், தண்டிக்கும் உரிமையைப் பெற்றோரிடமிருந்து பறிக்கவில்லை.

அந்த உரிமையை முதன்முதலில் முற்றாக நீக்கிய நாடு சுவீடன். அதுவும் ஒரே நாளில் அல்ல. பள்ளிப் பிரம்பை 1958ஆம் ஆண்டில் விலக்கினர். பெற்றோர் அடிப்பதற்கு இடந்தந்த விதியை 1966ஆம் ஆண்டில் நீக்கினர். 1979ஆம் ஆண்டு மார்ச்சில், 259 பேர் ஆதரிக்க, ஆறே பேர் எதிர்க்க, பிள்ளையை அடிப்பதையும் இழிவுபடுத்துவதையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றினர். அச்சட்டம் புதிய தண்டனை எதையும் விதிக்கவில்லை! பெற்றோரைச் சிறையில் தள்ளுவது நோக்கமன்று. மனத்தை மாற்றுவதே நோக்கம். அடிக்காமல் வளர்ப்பது எப்படி என்று விளக்கும் சிறு நூலை வீடுகளுக்கு அனுப்பினர். பால் அட்டைப்பெட்டிகளிலும் செய்தியை அச்சிட்டனர். காலையில் பால் காய்ச்சும் தாயின் கைக்கே சட்டம் சென்று சேர்ந்தது!

அதற்கு முந்திய ஆண்டு, சுவீடன் நாட்டுச் சிறுவர் இலக்கிய எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென், பிராங்க்பர்ட் நகரில் அமைதிப் பரிசு பெற்றபோது, ஒரு மூதாட்டி தமக்குச் சொன்னதை எடுத்துரைத்தார். இளந்தாயாக இருந்தபோது, தவறு செய்த சிறு மகனை அடிப்பதென்று முடிவு செய்து, குச்சி ஒன்று தேடி வரும்படி அவனையே அனுப்பினாள் அந்தத் தாய். நெடுநேரம் கழித்து அழுதுகொண்டே வந்தான் பிள்ளை. குச்சி அகப்படவில்லை, அம்மா தன் மீது எறிவதற்காகக் கல்லொன்று கொண்டு வந்திருந்தான்! வலி தருவதுதான் அம்மாவின் விருப்பம் என்றால் கல்லும் ஆகுமே என்று எண்ணிவிட்டது பிஞ்சு உள்ளம். பிள்ளையை அணைத்துக்கொண்டு அவளும் அழுதாள். அந்தக் கல்லை அடுப்பங்கரைப் பலகையிலேயே வைத்துக்கொண்டாள், என்றென்றும் நினைவூட்ட.

இன்று 60க்கு மேற்பட்ட நாடுகள் சுவீடனின் வழியைப் பின்பற்றியுள்ளன. நம் அண்டை நாடான நேபாளம் 2018ஆம் ஆண்டிலேயே இணைந்துவிட்டது. நம் நாட்டிலோ, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பள்ளியில் அடிப்பதைத் தடுத்தது. வீட்டின் வாயிலிலே சட்டம் நின்றுவிட்டது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நலன் கருதிப் பெற்றோர் செய்வதற்குப் பாதுகாப்பளிக்கும் விதி, 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் பிறந்து, 2024ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

தோழர்களே! மேடையிலே பகுத்தறிவு பேசிவிட்டு, வீட்டிலே "எதிர்த்தா பேசுகிறாய்?" என்று கை ஓங்கினால், நாம் போதிப்பது எதை? வலியவன் சொல்வதே நியாயம் என்ற பாடத்தைக் குழந்தை முதலில் கற்பது வீட்டிலேதான். தந்தையிடம் "ஏன்?" என்று கேட்டு அறை வாங்கிய பிள்ளை, சாதியைப் பார்த்தும், சடங்கைப் பார்த்தும் "ஏன்?" என்று கேட்குமா? குனிந்த தலையோடு கும்பிட்டுப் போகும்!

பிள்ளையைக் கண்டிக்கவே கூடாது என்பதல்ல நம் வாதம். தவறு எது என்று சொல்லுங்கள். சிந்திய நீரை அதன் கையாலேயே துடைக்கச் செய்யுங்கள். சினம் தணியுமட்டும் காத்திருங்கள். அடிப்பதைவிட இது கடினம்தான். நாமும் வகுப்பறையிலே ஒருநாள் கை ஓங்கியவரே. எதிரில் நின்ற சிறுவன் தன் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டதைக் கண்டு, ஓங்கிய கையைத் தாழ்த்தியவரே. அவன் அன்று என்ன தவறு செய்தான் என்பது நமக்கு மறந்துவிட்டது. மறைத்த அந்தக் கை மறக்கவில்லை.

அடுத்த முறை எந்தத் தந்தையேனும் "தோலை உரியுங்கள்" என்றால், நாம் அவருக்கு அந்தக் கல்லின் கதையைச் சொல்வோம். நீங்களும் சொல்லுங்கள், முதலில் உங்கள் இல்லத்திலே!